பதினோரு கன்றுகள்

"அண்ணி, அண்ணன் உயிரோடதான் இருக்கார்!"

கொழுந்தன் நாற்றங்காலுக்குள் ஓடி வந்தான். தோளில் அண்ணனின் பை. பின்னாலேயே வனக்காவலர், ஒரு கையில் மண்சாக்கு, மறு கையில் தட்டு. தட்டில் பதினோரு கன்றுகள்.

இலையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கத்தரிக் குடும்பத்தில் பிறந்துவிட்டு, இடுப்பளவோடு நிற்காமல் ஐம்பதடிக்கு வளர்ந்துவிட்ட மரம். அந்தக் காட்டிலேயே ஒற்றை மரம். புருஷனும் பெண்டாட்டியுமாக ஆறு வருடம் தலைகீழாக நின்றும் அதன் விதை ஒன்றுகூட முளைக்கவில்லை. "முளைக்க வெச்சுட்டுத்தான் வருவேன்" என்று காட்டுக்குள் போன மனுஷர், எட்டு மாதமாகத் திரும்பவில்லை.

"எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"மேல ஓடைக்கரையிலம்மா. மரத்துலேருந்து அரை மைல் தள்ளி. கிளையில சாரோட பை தொங்குச்சு, கீழே இதுங்க."

"யாராவது விதைச்சாத்தானே அண்ணி அங்க முளைக்கும்? ஜெயிச்சுட்டு, நம்மகிட்ட மறைச்சு வெச்சிருக்கார். கத்தரிக்கா முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும்!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வரட்டும், வந்ததும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும்.

"இப்படியா ஒண்ணுமேல ஒண்ணா விதைப்பார்? முழத்துக்கு ஒண்ணுன்னு எனக்கே பாடம் எடுத்தவராச்சே" என்றாள்.

"ஆமாம்மா, எல்லாம் ஒரே சாண் இடத்துல. மண்ணும் அங்க மட்டும் கருகருன்னு இருந்துச்சு. வேருக்கு நல்லதுன்னு அள்ளிட்டு வந்தேன்."

காவலர் சாக்கை அவிழ்த்துத் தொட்டியில் கொட்டப் போனார்.

கொழுந்தன் பையைத் திறந்து குறிப்பேட்டை எடுத்தான். கடைசிப் பக்கத்தைப் பிரித்து உற்சாகமாக வாசித்தான்.

"'விதை வெறும் மண்ணில் முளைக்காது. ஏதாவது ஒரு வயிற்றுக்குள் போனால்தான் முளைக்கும் போலிருக்கிறது. எந்தப் பிராணியும் இதைத் தொட மாட்டேன் என்கிறது. நானே நான்கு பழம் தின்றுவிட்டேன். நல்ல தித்திப்பு. உதடு மரத்துப்போகிறது. இப்படியே கொஞ்சம் படுத்து...'"

அதற்குமேல் எழுத்து இல்லை.

"கொட்டாதீங்க!" என்று அலறிக்கொண்டு ஓடியவள், அந்த மண்சாக்கை இரண்டு கைகளாலும் வாங்கி மடியில் கிடத்திக்கொண்டாள்.