போத்தலில் கடல்

ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தின் லய வீட்டு வரிசையில் கடலைப் பார்த்தவள் என்று பேர் எடுத்திருந்தவள் காளியம்மா மட்டும்தான். இப்போது வசந்தாவும் ஒரு மீனவக் கிராமத்துக்குப் போய், போத்தலில் கடல் தண்ணீரோடு திரும்பியிருந்தாள். லயமே அவள் வாசலில் நின்றது.

காளியம்மாவுக்கு வயிறு எரிந்தது.

"ஆத்துத் தண்ணியில உப்பக் கரைச்சாக்கூட இப்படித்தான் இருக்கும்."

"நீங்க கடலப் பாத்தவங்க. குடிச்சுப் பாத்துச் சொல்லுங்கக்கா," என்று வசந்தா போத்தலை நீட்டினாள்.

ஒரு மடக்குக் குடித்த காளியம்மா முகத்தைச் சுளித்துத் துப்பினாள்.

"கசக்குது. கடல் தண்ணி உப்பாத்தான் இருக்கும், கசக்குமா? இது பொய்த் தண்ணி."

"கடல் தண்ணி கசக்கவும் செய்யும்க்கா. போன வருசம் நீங்க கொண்டாந்தது கசக்கலையா?"

எல்லோரும் காளியம்மாவைப் பார்த்தார்கள்.

அவள் வீட்டுச் சாமித்தட்டில் இருந்த போத்தலில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பிடித்த மகாவலி ஆற்றுத் தண்ணீரும் ஒரு கை உப்பும் மட்டுமே இருந்தன.