தயிர்ச் சட்டி

முனவ்வறா தயிர்ச் சட்டியைக் கணவன் முன்னால் வைத்தாள்.

“நோன்பு” என்றான் இர்ஷாத்.

அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு, குசினிக்குத் திரும்பினாள். அவனைப் பார்க்க வந்திருந்த அவளுடைய அக்கா, ராத்தா, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“டொக்டர் என்ன புள்ள சொன்னாரு?”

“குடலுக்குள்ள நல்ல கிருமிகள் இருக்காம் ராத்தா. அதுகள் குறைஞ்சாலும் மனசு சோர்ந்து போகுமாம். குளிசையோட தயிரும் குடுக்கச் சொன்னாரு. வயித்தைக் காயப்போட வேணாமாம்.”

“அவரு நோன்பு எண்டுறாரே?”

“ஓம். கொஞ்ச நாளா விடாமப் புடிக்காரு. பேரீச்சம்பழம் ஒண்டோட நோன்பைத் திறந்துட்டுப் போய்ப் படுத்துருவாரு. றமழான் நோன்பையே விடுற மனுசன். இனிக் குளிசையும் தேவைப்படாது போல.”

“மாஷா அல்லாஹ். அல்லாஹ் அவர்ர மனசைத் திருப்பிட்டான்.”

முனவ்வறாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. மாத்திரைகள் இருந்த குளிசைப் பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

சில நாள் கழித்து ஒரு காலையில், தயிரோடு இனிப்பு வட்டிலப்பமும் கொண்டுபோய் வைத்தாள்.

“சாப்பிடுங்க.”

“நோன்பு” என்றான், சுவரைப் பார்த்தபடி.

ஜன்னலுக்கு வெளியே, ஹஜ்ஜுப் பெருநாள் தொழுதுவிட்டு வந்தவர்கள் புது உடுப்போடு ஒருவரையொருவர் தழுவிக்கொண்டிருந்தார்கள். நோன்பு பிடிப்பதே மார்க்கத்தில் தடுக்கப்பட்ட, ஹறாமான நாள் அது.

முனவ்வறா அவன் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

“எத்தனை நாளா உங்களுக்குப் பசிக்கல்ல?”