இரண்டு இஞ்ச் துணி

போன் விளையாட்டில் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற எட்டு முறை முயன்றுவிட்டேன். கோபுரத்தில் அடைபட்டிருக்கும் மகளை மீட்டுத் தரும்படி அவளுடைய அப்பா கெஞ்சுவார். காவலனை வெட்டிப் பார்த்தேன், பொற்காசு கொடுத்துப் பார்த்தேன், பின்சுவர் வழியாகவும் ஏறினேன். எப்படிப் போனாலும் நான் உச்சியை அடையும்போது அவள் செத்துக் கிடந்தாள். இன்று ஒன்பதாவது முறை, அவள் அப்பாவிடம் முடியாது என்று சொன்னேன். அவள் சாகவில்லை. சன்னலருகே நின்றுகொண்டே இருந்தாள்.

"போனக் கீழ வைடி. உன் கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவெடுக்க டெய்லரக்கா எவ்ளோ நேரமா நிக்கிறாங்க," என்றாள் அம்மா.

வாழ்க்கையில் முதல் முறையாக அம்மாவிடமும் சொன்னேன். "முடியாதும்மா. நான் கணக்குப் பரீட்சைய மறுபடி எழுதுறேன்."

"ரெண்டு தடவ எழுதிக் கிழிச்சது போதும்."

டெய்லரக்கா சிரித்துக்கொண்டே என் தோளில் டேப்பை வைத்தார். "எல்லாப் பொண்ணுங்களும் இப்பிடித்தான் சொல்லும். கையத் தூக்கு கண்ணு." பிறகு அம்மாவிடம் சொன்னார்: "பதினாறுதானே, வளர்ற புள்ள. உள்ள ரெண்டு இஞ்ச் துணி விட்டுத் தைக்கிறேன்க்கா. வேணும்னா அப்புறம் பிரிச்சுக்கலாம்."

அம்மா சரி என்றாள். நான் கைகளைத் தூக்கியபடியே நின்றேன்.