ஓர்க் எந்தக் குடி?

ஒரு சொல்லால் விளையாட்டு நின்றுபோயிருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து, பகல் சாப்பாடும் முடிந்து, கல்முனையில் முஸ்தாக் வீட்டு மேல்மாடியில் நால்வரும் பகடைகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். முஸ்தாக் கதையை நடத்துகிறவன். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். இன்ஷாப் பாதி மனிதன், பாதி எல்ஃப்: கூரான காது, இருட்டிலும் பார்க்கும் கண். முஸ்தாக்கின் தங்கை றுமைஸா கோடரி தூக்கிய குள்ளி. பக்கத்து ஊரான பாண்டிருப்பு நிதர்சன் பாதி மனிதன், பாதி ஓர்க்: பச்சைத் தோல், உதட்டுக்கு வெளியே நீட்டிய பல்.

புதிதாக வந்த விதிப் புத்தகம்தான் வினை. ஒவ்வொரு வேஷத்தின் விவரத் தாளிலும் 'இனம்' என்று எழுதுகிற இடத்தில் இனி அந்தச் சொல் வேண்டாம் என்று வெளிநாட்டில் முடிவெடுத்துவிட்டார்கள்.

முஸ்தாக்குக்கு அது நல்லதாகப் போயிற்று. போன கிழமை கீழே பிளேன்டீ குடித்துவிட்டு மேலே வந்த நிதர்சன், "இனி நான் வரமாட்டன் போல, மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். காரணம் சொல்லவில்லை. நால்வரில் அவன் ஒருவன்தான் தமிழ்ப் பொடியன்; மற்ற மூவரும் முஸ்லிம்கள். 'இனம்' என்ற சொல் இந்த ஊரில் எங்கே போய்க் குத்தும் என்று முஸ்தாக்குக்குத் தெரியாதா? சொல்லை மாற்றினால் நிற்பான்.

"வம்சம் எண்டு போடுவமா?"

"ராசாமார்ட கதை மாதிரி இரிக்கி," என்றாள் றுமைஸா அண்ணனிடம். "நான் சுரங்கம் தோண்டுறவள், காக்கா."

"வர்க்கம்?"

"மாடு வாங்கப் போற மாதிரி."

"பூர்வீகம்?"

"காணிப் பிரச்சின வரும்," என்றான் நிதர்சன்.

எல்லோரும் சிரித்தார்கள். நிதர்சனும் சிரித்ததில் முஸ்தாக்குக்கு நம்பிக்கை வந்தது.

"குடி எண்டு வைங்களன்," என்றாள் றுமைஸா. "கல்யாணம் பேசக்குள்ள நாங்களும் எந்தக் குடி எண்டு கேக்குற. நிதர்சன் அண்ணன் ஆக்களும் கேக்குற. ஒருத்தருக்கும் குத்தாது."

முஸ்தாக்குக்குப் பிடித்துப்போயிற்று. எல்லோருடைய தாளிலும் 'இனம்' என்பதை வெட்டி 'குடி' என்று எழுதினான்.

"அப்ப ஒரு விசயம்," என்றான் இன்ஷாப். "குடி உம்மாட வழியாத்தான் வரும்."

"அது கல்யாணத்துக்குடா. இது விளையாட்டு."

"குடி எண்டா குடிதான். என்ட ஆள எடு. வாப்பா எல்ஃப், உம்மா மனிசப் பொம்புள. அப்ப நான் எல்ஃப் இல்ல. மனிசக் குடி."

"இருட்டுல கண் தெரியாமப் பெய்த்திரும்."

"டோர்ச் ஒண்டு வாங்குவன்."

"அம்பு விடுற புள்ளி?"

"வெட்டு."

"காது?" என்றாள் றுமைஸா.

"காது வாப்பாட. அது கிடக்கட்டும். குடி உம்மாட."

முஸ்தாக்குக்கு எரிச்சல் வந்தது. கரம் போர்ட் விளையாடினாலும் சட்டம் பேசுகிறவன் இந்த இன்ஷாப். ஒருவனைப் போகவிடாமல் பிடிக்க ஒரு நல்ல சொல் கிடைத்திருக்கிறது, அதற்குள்ளும் சட்டம். நிதர்சன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், ஆர்ர மனசும் நோகக் கூடாதெண்டுதான் சொல்ல மாத்தின. நீ உன்ட எல்ஃப்ப வெச்சு வழக்குப் பேசுறாய்."

"சட்டத்தோட எண்டா குடி. இல்லாட்டி பழைய சொல்லையே வை, நான் வீட்ட போறன்."

"சரிடா. உம்மாட வழி. எழுதியாச்சு. போதுமா?"

"எல்லாருக்கும் பொதுவா?"

"எல்லாருக்கும் பொது."

இன்ஷாப் தன் எல்ஃப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வெட்டினான். நல்ல புள்ளிகள். பார்க்க முஸ்தாக்குக்கே பாவமாக இருந்தது.

கதை தொடங்கியது. முஸ்தாக் குரலைத் தாழ்த்தினான்.

"பொழுது படுது. கோட்ட வாசலுக்கு வந்துட்டீங்க. உள்ள ராசா விருந்து வெச்சிரிக்காரு. காவல்காரன் ஈட்டிய நீட்டுறான். ஓர்க் ஆக்களுக்கு உள்ள போக ஏலா."

வழமையான காவல்காரன்தான். முஸ்தாக் எப்போதோ கதைக்குச் சுவையாக இருக்கட்டும் என்று நிறுத்தி வைத்தவன். கோட்டைக்குள் சந்தையும் விருந்தும் சண்டையும் நடக்கும். மற்றவர்கள் வெளியே வரும்வரை நிதர்சன் கீழே போய், முஸ்தாக்கின் உம்மா நஸீறா ஊற்றுகிற பிளேன்டீயைக் குடித்துக்கொண்டிருப்பான். அவனுக்கு அந்தத் தேத்தண்ணியில் அவ்வளவு விருப்பம் என்றுதான் முஸ்தாக் நினைத்திருந்தான்.

நிதர்சன் எழுந்தான். கீழேயிருந்து நஸீறாவின் குரலும் வந்தது. "மகன் நிதர்சன், பிளேன்டீ ஊத்தட்டா?"

"இரி," என்று இன்ஷாப் அவன் கையைப் பிடித்தான். "உன்ட ஓர்க்குக்கு அம்மா ஆரு?"

நிதர்சன் திரும்பவும் உட்கார்ந்தான்.

"மனிசிதான். கோட்டைக்குள்ள அப்பம் சுட்டு விக்கிறவ. முதல் நாளே சொன்னன். ஆரும் கேக்கல்ல."

முஸ்தாக் தாளைப் பார்த்தான். 'குடி' என்று அவனே எழுதிய சொல் அங்கே இருந்தது.

"அப்ப இவனும் மனிசக் குடி. காவல்காரனுக்குச் சொல்லு, மச்சான்," என்றான் இன்ஷாப். "அவன்ட அம்மா வீட்டுக்குத்தான் அவன் போறான்."