வாய்ப்பூட்டு

"குழம்பு அமிர்தமா இருக்குதும்மா தேவயானி," என்றார் சந்திரசேகர், உப்பே போடாத கத்தரிக்காய்க் குழம்பை வழித்து விழுங்கியபடி. "இன்னும் ஒரு கரண்டி ஊத்துங்க."

ஊத்துங்க! மனைவியிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசுவது இருபத்தாறு நாளாகத்தான். அதற்கு முந்தைய ஒன்பது வருடத்தில் இந்த மாதிரிக் குழம்புக்குத் தட்டு வாசல் வரை பறந்திருக்கும். கோபம் வந்தால் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பவர் அவர். ஆந்திர எல்லையிலுள்ள புத்தூரில் அவர்கள் தெருவே எழுந்து உட்காரும்.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். எல்லாம் திருவேங்கடம் பார்த்த வேலை.

சத்தியவேடு பக்கம் புதிதாக வந்த கம்பெனிகளில் ஒன்றில் செல்போன் தயாரிக்கிறார்கள். அங்கே சந்திரசேகருக்கு மைக் சோதிக்கும் வேலை. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் திருவேங்கடம். அவர்தான் ஒருநாள் தெலுங்குப் பேப்பரை விரித்து, சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு ஒன்றைத் தமிழில் விளக்கினார். புருஷன் பெண்டாட்டி பேசியதை ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் ரெக்கார்டு செய்திருந்தாலும், விவாகரத்துக் கேஸில் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாமாம்.

"நீ கத்தறது எங்க தெரு வரைக்கும் கேக்குது. உன் பெண்சாதி போனுக்குக் கேக்காதா?" என்று வேறு கேட்டுவைத்தார்.

புடவை மடிப்புக்குள் கிடந்தாலும் மைக் பேச்சைப் பிடித்துவிடும் என்பது சந்திரசேகரைவிட யாருக்குத் தெரியும்? தேவயானி போய்விட்டால் வீடு என்ன ஆகும், தன் கதி என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. அன்றே வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார்.

பூட்டுவது சுலபம், தாங்குவதுதான் பெரும்பாடு. போதாக்குறைக்குச் சமையலும் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போனது. கோபத்தை விழுங்கி விழுங்கி நெஞ்செரிச்சல் வந்து, திருப்பதிக்குப் போய் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, எதையும் மனதில் அடக்கி வைக்காதீர்கள், வாய்விட்டுப் பேசிவிடுங்கள் என்றார். பாவம், அவருக்கு என்ன தெரியும்!

இன்று ஞாயிற்றுக்கிழமை. கைகழுவிவிட்டு வந்தவர் எதிரில் தேவயானி கண் கலங்கி நின்றாள்.

"ஏங்க, நீங்க இப்படி மரியாதையா பேசறத பாத்தா எனக்கு பயமா இருக்குது. வேற யாரையாச்சும் சேத்துக்கினீங்களா? இல்ல, ஒடம்புக்கு ஏதாச்சுமா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க."

சந்திரசேகர் உருகிப்போனார். பஸ், பேப்பர், தீர்ப்பு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்.

தேவயானி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். தனக்கு ரெக்கார்டு பண்ணவெல்லாம் எங்கே தெரியும் என்று தன் போனை அவரிடமே நீட்டினாள். தொழில் தெரிந்தவராயிற்றே, அவர் அதைக் குடைந்து பார்த்தார். குடிபாலாவில் இருக்கும் அம்மாவிடம் பேசியதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அதை அணைத்து, அரிசி டப்பாவுக்குள் போட்டு இறுக்கி மூடினார்.

"மனசுல இருக்கறத கொட்டிடுங்க," என்றாள் தேவயானி. "நீங்க பழையபடி இருந்தா போதும் எனக்கு."

சார்ஜ் தீர்ந்திருக்கும் என்று அவர் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து, அவர் தலைக்கு நேரே இருந்த அலமாரியில் வைத்து ஒயரைச் செருகினாள். கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினாள். எதிரில் வந்து கைகட்டி உட்கார்ந்தாள். புருஷன் பேச்சைக் கேட்க இவ்வளவு மரியாதையா என்று அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

பூட்டு உடைந்தது.

"குழம்பாடி இது? மாடு துன்னுமாடி இத?" என்று ஆரம்பித்தார். இருபத்தாறு நாள் சமையலையும் வரிசையாகத் திட்டினார். குடிபாலாவில் மாமனார் தராமல் ஏமாற்றிய பைக்குக்குப் போனார். அங்கிருந்து, தானும் கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்று அவள் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு வந்தார். "இன்னொரு வாட்டி வேலைன்னு கேளு, காலை ஒடைச்சி மூலையில ஒக்கார வெக்கறேன்." அதற்குமேல் எல்லாம் தெலுங்கு. இங்கே எழுத முடியாது.

வழக்கமாக வார்த்தைக்கு வார்த்தை பதில் சொல்கிறவள், இன்று 'ம்' என்றுகூடச் சொல்லவில்லை.

கடைசியில் தொண்டை கட்டிக்கொண்டுதான் நிறுத்தினார். வியர்த்துக் கொட்டியிருந்தது. ஆனால் நெஞ்செரிச்சல் போன இடம் தெரியவில்லை. பாயை விரித்துப் படுத்தவர் இரண்டே நிமிடத்தில் குறட்டை விட்டார்.

தேவயானி அலமாரியிலிருந்த அவருடைய போனை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனாள். ஒரு நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள்.

"அவர் போன்லருந்துதான் பேசறேன் வக்கீலம்மா. பதினோரு நிமிசம் வந்துக்குது, போதுமா?"