கால்மாட்டுச் சுவர்

அவள் டிரில்லை நிறுத்திவிட்டு அதன் நுனியைப் பார்த்தாள்.

வெள்ளைத் தூள்.

மற்ற மூன்று துளைகளிலும் இரும்புச் சுருள் வந்திருந்தது. முதலில் பிளைவுட், பிறகு தெர்மோகோல், அதற்கும் பின்னால் வேனின் இரும்புச் சட்டம். டிரில் சட்டத்தைக் கடித்தால் மணிக்கட்டு வரை தெரியும். நான்காவது துளையில் மணிக்கட்டுக்கு ஒன்றும் தெரியவில்லை.

சுவரின் மேல் காந்தத்தை நகர்த்திச் சட்டம் இருக்கும் இடத்தைக் குறித்தவளும் அவள்தான். காந்தம் அங்கேயும் ஒட்டியது. உள்ளே எவரோ விட்டுவைத்த ஆணியில் ஒட்டியிருக்க வேண்டும்.

"மூணு புடிச்சிருச்சல்ல, போதும்" என்றார் மாரப்பன். அவர் எதிர்ப்பக்கம் லக்கேஜ் தட்டு மாட்டிக்கொண்டிருந்தார். "டிவி என்ன, வண்டிய உட்டு எறங்கி ஓடவா போகுது?"

வீட்டுச் சுவருக்கு மூன்று போதும்.

வீடு வேகத்தடையில் ஏறி இறங்காது.

கரூரில் பஸ்களுக்குப் பாடி கட்டும் பட்டறை அது. இப்படிக் கட்டில், அடுப்பு, டிவி எல்லாம் வைத்த வேன் அங்கே எப்போதாவதுதான் வரும். அவளுக்கு இதுதான் முதல் டிவி.

டிவிக்கு நேர் கீழே கட்டிலின் கால்மாடு. அங்கே கால் நீட்டப்போகிறவள் மிருதுளா. பள்ளிக்கூடத்துப் பெண். அந்தக் கால்களுக்கு அசைவு கிடையாது. பாதங்கள் எப்போதும் உயரமான ஒரு சிறு மெத்தையின் மேல் இருக்க வேண்டும். வண்டி ஓடும்போது முழங்காலுக்குக் கீழே பெல்ட் கட்ட வேண்டும். மிருதுளாவின் அம்மா வந்து மெத்தையையும் பெல்ட்டையும் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"டிவில டான்ஸ் மட்டுந்தாங்க பார்ப்பா. மத்ததெல்லாம் மூஞ்சியத் திருப்பிக்குவா."

டிவி சரிந்தால் மிருதுளா காலை இழுத்துக்கொள்ள மாட்டாள்.

அவள் பிராக்கெட்டைக் கழற்றினாள்.

ஒரு சட்டத்திலிருந்து அடுத்த சட்டம் வரை எட்டும்படி இரும்புப் பட்டை வெட்டினாள். எல்லாத் துளைகளிலும் சுருள் வந்தது. பட்டையின் மேல் பிராக்கெட். அதிர்ந்தாலும் கழலாத நைலான் நட்டு. நட்டையும் பிராக்கெட்டையும் சேர்த்துச் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு. நட்டு இம்மி சுழன்றால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

டிவியைத் தாழ்வாக வைத்தாள். அடி விளிம்பு கட்டிலிலிருந்து ஒரு சாண் உயரம்தான். உயரப் போனால் ஆட்டம் கூடும் என்று நினைத்தாள். சரியா என்று தெரியாது. அவள் படிக்கப் போகும் மாலை வகுப்பில் அதிர்வுப் பாடம் இன்னும் வரவில்லை.

பிறகு பிராக்கெட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள். முனகல்கூட இல்லை.

மாரப்பன் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசாம டிவில வண்டிய மாட்டியிருக்கலாம் நீ."

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எதை யார் மாட்டினாரோ, வெள்ளோட்டத்தில் அதற்கு அடியில் அவர் இருக்க வேண்டும். மாரப்பன் தன் தட்டுக்கு அடியில் உட்கார்ந்தார். மேடு பள்ளம் வந்தால் அவர் தலை தானாகச் சாயும். எல்லோருக்கும் சாயும். அதை யாரும் சொல்லிக்காட்டுவதில்லை.

அவள் கட்டிலில் படுத்தாள். பாதங்களை மெத்தையின் மேல் வைத்தாள்.

மடக்கிக்கொள்ளலாம் என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது.

பெல்ட்டை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

வண்டி கிளம்பியது. முதல் வேகத்தடையில் அடுப்படிப் பாத்திரங்கள் பேசின. அவள் சிவப்புக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடுகள் கோடுகளாகவே இருந்தன.

ஆற்றோரச் சாலை. பள்ளத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத சாலை. அதற்காகவே டிரைவர் சென்னியப்பன் அந்த வழியில் வருவார்.

"கால மடக்கிக்க அம்முணி, பெரிசு வருது."

அவள் மடக்கவில்லை. மாரப்பன் தலையைச் சாய்த்தார்.

வண்டி விழுந்து எழுந்தது. முதுகு கட்டிலை விட்டுக் கிளம்பித் திரும்ப வந்தது. பெல்ட் இழுத்தது.

டிவி சுவரோடு போனது. சுவரோடு வந்தது.

கோடுகள் உடையவில்லை.

இனி பார்க்க வேண்டியதில்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றுவது அவளுக்குப் பழக்கமில்லை. இன்னும் இரண்டு பள்ளங்களுக்குக் காத்திருந்து பார்த்தாள். அப்போதும் அப்படித்தான் தோன்றியது.

இன்று மாலை மிருதுளா வீட்டார் வண்டியை எடுக்க வருகிறார்கள். வரட்டும்.

தலையணையில் தலையைச் சாய்த்து ரிமோட்டை அழுத்தினாள். பட்டறையின் பென்டிரைவில் ஏதோ ஒரு நடனப் போட்டி இருந்தது. பச்சைப் பாவாடையில் ஒரு பெண் மேடைக்கு வந்தாள். கைகள் விரிந்தன. இடுப்பு திரும்பியது. சலங்கைச் சத்தம் வண்டியை நிறைத்தது.

அவள் சலங்கையைத் தேடினாள்.

படத்தின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டு, மெத்தை மேலிருந்த அவளுடைய இரண்டு பாதங்கள் நின்றிருந்தன.

கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கைகளை ஊன்றி எழுந்து பார்த்தாள். தெரிந்தது. பிறகு, மிருதுளா படுத்திருக்கப்போகிறபடியே மறுபடி படுத்தாள்.

பாதங்கள். அவற்றுக்கு மேலே, இடுப்பு வரை மட்டும் ஆடுகிற ஒருத்தி.

"வண்டியத் திருப்புங்கண்ணா."

சென்னியப்பன் கண்ணாடியில் பார்த்தார். "என்ன அம்முணி, ஆடிருச்சா?"

"அசையலிங்கண்ணா."

மாரப்பன் திரும்பி நான்கு சிவப்புக் கோடுகளையும் பார்த்தார். "அப்பறம் என்ன?"

அவள் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"கழட்டோணும்."