பச்சை பிராக்கெட்

"சோக்கா கீது சார்!" என்றார் சின்னப்பா, என் ஜீப்பின் பானெட்டுக்குள் தலையை விட்டபடியே. "நீங்களே பண்ணதா?"

விற்பனைக்கு என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்த இந்த மூன்று வாரத்தில், அந்தக் கேள்வியைச் சிரிக்காமல் கேட்ட முதல் மனிதர் அவர்தான். "நானேதான்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெங்களூரை விட்டுக் கனகபுரா பக்கம் காடு, மேடு, ஓடை என்று ஜீப்பை இறக்குவது என் பைத்தியம். இறங்கும், ஏறாது. ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் அனுப்பும் காயில் என்ஜினின் இடுப்பில் இருந்ததால், முழங்கால் தண்ணீரிலேயே நனைந்து வண்டி நின்றுவிடும். அதை உச்சியில் தூக்கி வைக்க நானே ஒரு இரும்பு பிராக்கெட் செய்தேன்.

ஆபீசில் நான் கையாளும் ஒரே இயந்திரம் ஸ்டேப்ளர். ஆகவே முதல் பிராக்கெட் இடவலம் மாறி வளைந்தது. இரண்டாவது வளைத்த இடத்திலேயே உடைந்தது. மூன்றாவதில் ஓட்டைகள் சேரவில்லை, அரம் போட்டு இழுத்து முட்டை வடிவமாக்கினேன். அதிராமல் இருக்க என் மனைவி ஜானகியின் ரப்பர் செருப்பை வெட்டி அடியில் வைத்து, ஜன்னல் கம்பிக்கு அடித்து மிச்சமான பச்சைப் பெயிண்டைப் பூசினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதன் பிறகு வண்டி எந்த ஓடையிலும் நின்றதில்லை.

ஆனால் வாங்க வந்த நாலு பேர் கண்ணிலும் அந்தப் பச்சைதான் முதலில் பட்டது. "காயில் ஏன் இங்க வந்துச்சு? ஆக்ஸிடெண்ட் ஆன வண்டியா?" என்றார் ஒருவர். கண்ணாடி போட்ட இன்னொருவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் போனார்.

எனக்கோ விற்றே ஆக வேண்டும். "நான் கோலம் போடற எடத்துல ஆயில் சொட்டுது. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒண்ணு ஜீப்பு போகணும், இல்ல நீங்க போகணும். திங்கக்கெழம டு-லெட் போர்டு மாட்டிடுவேன்" என்று வீட்டுக்கார லட்சுமம்மா கறாராகச் சொல்லிவிட்டார். இன்றுதான் அந்த ஞாயிறு. காலையில் கோயிலுக்குக் கிளம்பும்போதுகூட ஜீப்பை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் போனார்.

ஆஸ்டின் டவுனில், காவேரித் தண்ணீர் வருகிற, ஜானகி வேலை பார்க்கும் ஸ்கூலுக்கு நடந்தே போகிற வீடு. இந்த வாடகைக்கு இன்னொன்று ஏழு ஜென்மத்துக்கும் கிடைக்காது.

"அந்தக் கொக்கியக் கழட்டிப் போட்டுட்டு, காயில பழையபடி கீழ மாட்டுங்க. யாராவது வாங்குவாங்க" என்று ஜானகி தலைபாடாய் அடித்துக்கொண்டாள். நான் கேட்டால்தானே! "அதோட மதிப்பு தெரிஞ்ச ஒருத்தன் வருவான் பாரு" என்றேன்.

வந்துவிட்டாரே! "காயில் மேல வெச்ச ஜீப்பு இந்த வீடுதானா சார்?" என்று கேட்டுக்கொண்டே கேட்டைத் திறந்தார் சின்னப்பா. "போன வாரம் வந்தாரே கண்ணாடிக்காரரு, அவர்தான் அட்ரஸ் குடுத்தாரு. எங்க மர்பி டவுன்தான் அவரும்." சிரித்த வாயாலேயே ஆள் பிடித்து அனுப்பியிருக்கிறார் பாருங்கள், தங்கமான மனுஷன்.

சின்னப்பா சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து நீளம், அகலம், ஓட்டைக்கு ஓட்டை தூரம் என்று அளந்து, சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டார்.

"எத்தினி எம்.எம். ப்ளேட் சார்?"

"மூணு."

"சூடு பண்ணி வளைச்சீங்களா?"

"ரெண்டாவது ஒடஞ்சப்புறம் பண்ணேன்" என்று குரலைத் தாழ்த்தினேன். "கேஸ் அடுப்புலதான். அவ ஊருக்குப் போயிருந்தப்ப."

"அந்தச் செருப்பு ஐடியா டாப்பு சார்!"

அவர் விலை கேட்கவில்லை. ஆர்.சி. புக்கைக் கேட்கவில்லை. ஸ்டியரிங் பக்கமே போகவில்லை. சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் வாங்கப் போகிறார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். கலைஞனுக்கும் ரசிகனுக்கும் நடுவில் பேரம் எதற்கு?

உள்ளே ஓடி, "கேசரி கிண்டு" என்றேன்.

"நெஜமாவா? வாங்கறாரா?" ஜானகிக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப வீடு மாத்த வேணாமா?"

"வேணாம். பிராக்கெட்டுக்காகவே வாங்கறாரு. கழட்டிப் போடச் சொன்னியே!"

கல்யாணமான ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அவள் என்னிடம் 'ஸாரி' சொன்னாள். நான் பெரிய மனது பண்ணி மன்னித்தேன்.

சின்னப்பா கேசரியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நெகிழ்ந்துபோய், காலண்டர் அட்டையில் நான் வெட்டி வைத்திருந்த பிராக்கெட் மாதிரியையும் எடுத்து நீட்டினேன். "இதுவும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

"இந்தக் காலத்துல யாரு சார் இப்பிடிக் குடுப்பாங்க!" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அப்ப, எப்ப எடுத்துட்டுப் போறீங்க? இன்னிக்கேன்னா நல்லது" என்றேன்.

"எத சார்?" என்றார் அவர்.

நான் பதில் சொல்வதற்குள் கேட்டுக்கு வெளியே லட்சுமம்மாவின் குரல் வெடித்தது. "யாருதுப்பா இது? ஒண்ண எடுக்கச் சொன்னா, வாசல்ல இன்னொரு ஜீப்பு!"

சின்னப்பா அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். "என்னுதுதான்மா! பிராக்கெட்டுக்கு அளவெடுக்க வந்தேன், இதோ கெளம்பிட்டேன்!"